கேளாத சம்மதம்

பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத ஒரு வயதுக் குழந்தைக்குக் காதின் பின்னுள்ள எலும்பைக் குடைந்து, உட்காதின் நத்தைச்சுருளுக்குள் மின்முனைகளைச் செலுத்தும் 'காக்ளியர் இம்பிளாண்ட்' சிகிச்சைக்குத் தாய் தந்தையர் கையொப்பமிடுகிறார்களே, அது எந்த அதிகாரத்தினால் என்பது வைத்திய சாஸ்திரம் மட்டும் விடை கூறிவிடக்கூடிய கேள்வியன்று.

அபாயம் சொற்பம் என்பார்கள், பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அந்தச் சொற்பம் குடியிருக்கும் இடம், முகத்தை அசைவிக்கும் நரம்புக்கும் நாவின் சுவையைச் சுமந்து வரும் நரம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சந்து. உட்காது சரிவர உருவாகாத குழந்தைகளிடம் முக நரம்பு தன் வழக்கமான தடத்தை விட்டு விலகி ஓடுவதும் உண்டு. திறந்த மாத்திரத்தில் மூளைத் தண்டுவட நீர் பீறிடுவதும் உண்டு. சீழ் பிடிப்பது, கருவி பழுதாகி மறுபடியும் கத்தி வைப்பது முதலியவை வேறு.

இவற்றினும் விபரீதமானது மூளைக்காய்ச்சல். அமெரிக்காவில் 6 வயதுக்கு முன் இக்கருவி பெற்ற 4,264 குழந்தைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான கட்டுரை, அவர்களில் 26 பேருக்கு அந்நோய் கண்டதென்றும், மின்முனையை நிலைநிறுத்த உடன் செருகப்பட்ட ஒரு துணைப்பொருள் அபாயத்தை மிகுவித்ததென்றும் காட்டிற்று. அப்பொருள் 2002-லேயே விலக்கப்பட்டுவிட்டது. செவியைப் பறிக்கும் காரணங்களுள் ஒன்றாகிய அதே நோய், செவியைத் தரப் போன வழியிலேயே நுழைந்தது என்றால், விதி என்று சொல்லி ஒதுங்க மனம் ஒப்பவில்லை.

வளர்ந்தபின் குழந்தையே தீர்மானிக்கட்டும் என்பது கேட்பதற்கு நியாயமாயிருக்கிறது. ஆனால் ஒலியை மொழியாக்கும் சக்தி மூளைக்கு இளம்பிராயத்திலேதான் செழிப்பாக உண்டாகையால், காத்திருப்பதும் ஒரு தீர்மானமாகிவிடுகிறது. செய்யாமையிலும் செயலைக் காணச் சொல்லும் கீதைக்கு இது புதிதன்று. மறுபுறம், செவிடு நோயே அன்று, அது எங்கள் வாழ்வு, எங்களுக்குச் சைகைமொழி உண்டு என்று வாதிப்போரும் உளர்; குழந்தைகளுக்கு இக்கருவியைப் பொருத்துவதை 1991-இல் கண்டித்த அமெரிக்கத் தேசியச் செவிடர் சங்கம், 2000-இல் அக்கண்டிப்பைத் தளர்த்திற்று. எதிர்ப்பு தணிந்தது என்பதால் அவர்கள் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை.

என் அபிப்பிராயத்தில், பெற்றோர் குழந்தையின் தேகத்துக்கு உடைமையாளர் அல்லர், கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தாவைப் போன்றவர். தர்மகர்த்தா துணிந்து செலவு செய்யலாம். கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். மூளைக்காய்ச்சலுக்கு எதிராக நியூமோகாக்கஸ் தடுப்பூசியைத் தவறாமல் போடுவதும், பேச்சுப் பயிற்சிக்கு வருஷக்கணக்கில் அலைவதும், சைகைமொழியை மறைக்காமல் கற்பிப்பதும் அக்கணக்கில் சேரும். பதினாறு வயதில் அப்பிள்ளை, "என்னைக் கேளாமல் ஏன் செய்தீர்கள்?" என்று, காதின் மேலுள்ள வெளிக்கருவியைக் கழற்றி மேஜைமீது வைக்குமாயின், அதை நன்றிகேடு என்று சீறுவதற்குத் தந்தைக்கு உரிமையில்லை; கணக்குக் கேட்கும் வயது வந்துவிட்டது, அவ்வளவுதான்.