யாருக்காக எழப்போகிறாய்?

மேலகரத்துத் தம்பி, தங்கச்சி! உன்னிடம்தான் பேசுகிறேன். தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்தது, நேர்காணலுக்குப் போய்வந்த கம்பெனியிலிருந்து பதில் இல்லை, சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். அதற்காகச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாயா? "எனக்குத் தைரியம் பத்தாது" என்கிறாயா? அந்தச் சொல்லை இன்றோடு விடு!

உன்னிடம் தைரியம் நிறையவே இருக்கிறது. அதை எழுப்பத்தான் உனக்குத் தெரியவில்லை. "என்னால் முடியும்" என்று கண்ணாடி முன் நின்று நூறு தடவை சொல்லிப் பார்த்திருப்பாய். அதற்கு அது அசையாது. ஒரு உயிரைக் காக்க வேண்டும் என்று உன் நெஞ்சு பதறட்டும், மறுகணமே துள்ளி எழும். தன்னம்பிக்கையைப் பெற்ற தாய் அன்புதான்!

நம்ப முடியவில்லையா? கடையம் உனக்குத் தெரிந்த ஊர்தானே? பாரதியின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர். அதை ஒட்டிய கல்யாணிபுரத்தில், 2019 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு, சண்முகவேல் தாத்தா வீட்டு முன்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகமூடி போட்ட இருவர் அரிவாளோடு வந்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து துண்டைப் போட்டு அவர் கழுத்தை இறுக்கினான்.

சத்தம் கேட்டு வெளியே வந்தார் அவர் மனைவி செந்தாமரை ஆச்சி. வந்தவர் என்ன செய்தார்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒளிந்தாரா? இல்லை! காலடியில் கிடந்த செருப்பை எடுத்து வீசினார். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி. கைக்கு அகப்பட்டதெல்லாம் பறந்தது. பிடி தளர்ந்ததும் தாத்தாவும் எழுந்து நாற்காலியைத் தூக்கினார். முதுமையில் இருந்த இரண்டு பேர் அரிவாளுக்கு முன்னால் அடி அடியாய் முன்னேற, வந்தவர்கள் அடி அடியாய்ப் பின்வாங்கி ஓட்டம் பிடித்தார்கள்!

ஆச்சியின் கையில் காயம். கழுத்துச் சங்கிலியும் போயிற்று. ஆனால் தாத்தா பிழைத்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. நாலே நாளில், சுதந்திர தின விழாவில், தமிழக அரசு இருவருக்கும் துணிவுக்கான சிறப்பு விருது கொடுத்துப் பெருமைப்படுத்தியது.

ஆச்சி எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனார்? எந்தச் சிலம்பக் கூடத்தில் கம்பு சுற்றினார்? அவருக்கு வேண்டியவர் ஒருவர் அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அந்த ஒன்றே போதுமாக இருந்தது. "நான் ஜெயிப்பேனா?" என்று அவர் யோசிக்கவில்லை. "இவரை விடமாட்டேன்" என்று மட்டுமே நினைத்தார். தன்னைப் பற்றிய கணக்கு மறந்த இடத்தில் பயத்துக்கு வேலையே இல்லை, தம்பி!

இனி உன் ஆற்றின் கதைக்கு வா. குற்றாலத்தில் அருவியாய் விழும் சிற்றாறு தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப் போட்டதே, நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு, அந்தத் தாமிரபரணிக் கரை ஊரான ஸ்ரீவைகுண்டத்தின் ஸ்டேஷனுக்கு வந்து நின்றது.

முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரிக்கிறது என்ற தகவல் நிலைய அதிகாரி ஜாபர் அலிக்கு வந்தது. அவர் வண்டியைப் போகவிடவில்லை. பிறகு பார்த்தால், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது! பாய்ந்து போவதை மட்டுமே வீரம் என்று நினைக்கிறோம். "வேண்டாம், நில்!" என்று உரிய நேரத்தில் உறுதியாகச் சொல்வதும் வீரம்தான். அத்தனை குடும்பங்களின் விளக்கு அணையாமல் இருந்தது அதனால்தான்.

வண்டி நின்றது, சரி. நாலா பக்கமும் தண்ணீர். குழந்தைகள் அழுகின்றன. யார் வந்தார்கள் தெரியுமா? பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள்! அவர்கள் ஊரையும்தான் வெள்ளம் சூழ்ந்திருந்தது. "எங்களுக்கே வழியில்லை" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதைச் சொல்லவில்லை. கோயிலில் உலை வைத்தார்கள். இருக்கிற அரிசியைப் போட்டுப் பொங்கினார்கள். முன்பின் பார்த்திராத மனிதர்களுக்குப் பரிமாறினார்கள். 19-ஆம் தேதி பயணிகள் மீட்கப்படும் வரை அவர்களைத் தாங்கிப் பிடித்தவை அந்தக் கைகள்தான்.

"எனக்கே இல்லை, நான் யாருக்கு என்ன செய்ய?" என்று இனியும் கேட்பாயா? புதுக்குடியை நினைத்துப் பார்த்துவிட்டுக் கேள்!

இந்த அன்பு மனிதர்களோடு நின்றுவிடுவதும் இல்லை. அதே டிசம்பர் மாதக் கடைசியில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் நாலைந்து மாதக் குட்டியானை ஒன்று தாயைப் பிரிந்து தவித்தது. வனத்துறையினர் டிரோனைப் பறக்கவிட்டும், காட்டின் தடமறிந்த ஊழியர்களைக் கொண்டும் கூட்டத்தைத் தேடிப் பிடித்து, குட்டியைத் தாயிடம் சேர்த்தார்கள். அதோடு கைகழுவிவிடாமல் தொடர்ந்து கண்காணித்தார்கள். சில நாள் கழித்து, தாயின் அணைப்பில் அந்தக் குட்டி நிம்மதியாகத் தூங்கும் படம் வெளியானது. பார்த்தவர்கள் நெஞ்சம் குளிர்ந்துபோனது. ஒரு குட்டிக்காக ஒரு படையே காட்டுக்குள் அலைந்ததே, அது வீண் வேலையா? சொல்!

உன் ஊர்க்காரர் திரிகூட ராசப்பக் கவிராயருக்கு அன்பின் இந்த அருமை முன்பே தெரியும். குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்ல வாயெடுக்கும் குறத்தி, பொன்னையும் மணியையுமா முதலில் காட்டுகிறாள்? அன்பாய்க் கூடி வாழும் குரங்குகளைத்தான் காட்டுகிறாள். ஒன்றுக்கொன்று ஊட்டி வாழும் உயிர்கள் இருப்பதே ஒரு மண்ணுக்கு முதல் செல்வம். அந்தச் செல்வத்தில் பிறந்துவிட்டு, உன்னை நீ ஏழை என்பதா?

எழுந்திரு! இன்றைக்கே ஒரு பெயரைத் தேர்ந்தெடு. கணக்கில் தடுமாறும் பக்கத்து வீட்டுச் சிறுவனா? அவனுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கொடு. அவனுக்குச் சொல்லித்தரும்போது உன் பாடமும் உனக்குள் ஊறும். தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகும் தெருக்கோடி ஆச்சியா? கையைப் பிடித்துக் கூட்டிப்போ. நாலு பேரிடம் வழி கேட்டு, நாலு ஜன்னலில் நின்று பேசிப் பழகியவனுக்கு நேர்காணல் அறை என்ன பெரிய அறை? அடிபட்டு நொண்டும் தெருநாயா? கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியைப் பார். யாருமே தோன்றவில்லையா? உன்னைப் படிக்கவைக்க விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மா இருக்கிறாளே, அந்த ஒரு பெயர் போதாதா?

உனக்காக மட்டும் நீ படித்தால், தோற்றதும் புத்தகத்தை மூடுவாய். அவளுக்காகவும் படித்தால், தோற்ற அன்று இரவே மறுபடி விரிப்பாய். விழுந்தாலும் எழுவாய். பத்துப் பேர் சிரித்தாலும் நடப்பாய். உன்னை நம்பி ஒரு உயிர் காத்திருக்கும்போது உன்னால் முடங்கிக் கிடக்க முடியாது, கிடக்கவும் மாட்டாய்!

யாருக்காக எழப்போகிறாய் என்பதை முடிவு செய். எப்படி எழுவது என்பதை உன் கையும் காலும் பார்த்துக்கொள்ளும். கிளம்பு!