கருவியிலும் கருணை வேண்டும்

வணிக நிலையங்களுக்கான கணினி மென்பொருளை வகுப்போரிடையே இன்று ஒரு கொள்கை பெரிதும் பேசப்படுகிறது. பயன்படுத்துவோரின் உள்ளத்தை உணர்ந்து, அவர் மகிழுமாறு கருவியை ஆக்கவேண்டும் என்பதே அது. நல்ல கொள்கைதான். ஆயினும், பிறர் உள்ளத்தை அறிந்துவிட்டால் மட்டும் அது கருணையாகிவிடுமா? அன்பர்களே, இதனைச் சற்று ஆராய்வோம்.

ஐதராபாத் மாநகரின் போவன்பள்ளியில் அண்ணல் அம்பேத்கரின் பெயர் தாங்கிய பெரிய காய்கறிச் சந்தை உள்ளது. அத்தகைய சந்தையில் கடை விரித்திருக்கும் ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். ஒரு கை தராசில்; மறு கை தக்காளிக் கூடையில். 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்தபின், வாங்குவோர் கைப்பேசி வழியே பணம் செலுத்தலாயினர். பணம் வந்ததா என்றறிய அவர் ஈரக் கையைத் துடைத்து, கைப்பேசியை எடுத்துக் குறுஞ்செய்தியைப் படித்தல் வேண்டும். எழுத்தறியாதவராயின் வாங்குவோர் சொல்லே சான்று. பொய்ப் படத்தைக் காட்டி ஏய்ப்போரும் உளர். இந்நிலையில்தான், வந்த தொகையை அவரவர் மொழியில் உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி தோன்றியது. இப்போது அவர் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. எவரையும் ஐயுற வேண்டியதுமில்லை.

இனி மறுபுறம் நோக்குவோம். தூண்டில் இடுபவனும் மீனின் பசியை நன்கறிவான். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏய்ப்பு உத்திகளைத் தடுக்க நெறிமுறைகளை வெளியிட்டது. கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், பொய்யான அவசரம் காட்டுதல், சந்தாவை நிறுத்தும் வழியை மறைத்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றை வகுத்தோர் மனித உள்ளத்தை அறியாதவரல்லர். மிக நன்றாக அறிந்தவர். அறிவு ஒன்றே, நோக்கமே வேறு.

வணிக மென்பொருளில் இன்னுமொரு சிக்கல் உண்டு. விலை கொடுப்பவர் முதலாளி. நாள் முழுதும் அதன்முன் அமர்பவர் கணக்கர். முதலாளிக்குக் கண்கவர் அறிக்கையைக் காட்டினால் விற்பனை முடிந்தது. ஒரு சீட்டைத் திருத்தப் பல திரைகளைக் கடக்கும் கணக்கரின் களைப்பு எவர் காதிலும் விழுவதில்லை. அவரை நினைப்பவரே கருணையுடையவர். அவர் வேண்டும் மகிழ்ச்சி திரையில் மின்னும் வண்ணமன்று. கணக்கு நேராகி, வேளையோடு வீடு திரும்புவதே.

“மேலிடத்தார் சொன்னதைச் செய்கிறோம், எங்கள்மேல் பழியென்ன?” என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் இத்தொழிலில் இருப்பதால் இக்கேள்வி நமக்குப் புறம்பன்று. ஊதியத்தை இழக்க அஞ்சுவது இயல்பு. அதனை நாம் இகழோம். ஆயினும், பகவன் புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய வணிகங்கள் ஐந்து: படைக்கலம், உயிர்கள், ஊன், கள், நஞ்சு. பிறர்க்குத் துன்பம் விளைப்பன இவை. மென்பொருள் இவ்வைந்தில் இல்லை; பிறரை வருத்திப் பிழைத்தலாகாது என்னும் அறமோ அதற்கும் பொருந்தும். எல்லாவற்றையும் மறுக்க இயலாதவரும், வகுக்குமுன் ஒரு நாள் அக்கணக்கரின் அருகே அமர்ந்து பார்க்கலாம். வெளியேறும் வழியை மறைக்கச் சொன்னால், அது தவறென்று ஒருமுறையேனும் வாய்திறந்து கூறலாம். நல்வாழ்க்கை என்னும் அறம் அங்கிருந்தே தொடங்குகிறது.