தொழில் மாறினும் அறம் மாறுமோ?

கற்ற தொழில் மனிதனுக்கு என்றும் துணை என்பர். நிலம் பறிபோகலாம், பொருள் கரைந்துபோகலாம், கையில் படிந்த தொழிலறிவை எவரும் பறித்துக்கொள்ள இயலாது. இக்கருத்து உண்மையே. ஆயினும் அதனுள் ஒரு வினா மறைந்து கிடக்கிறது. ஒரு நோக்கத்திற்காகப் பழகிய கை, வேறொரு நோக்கத்திற்குப் பணிசெய்யப் புகும்போது, அதனுடன் வருவது திறமை மட்டும்தானா? அத்திறமையை இதுகாறும் ஆண்டுவந்த எண்ணமும் உடன் வருமா? வரத்தான் வேண்டுமா? படைத்துறையில் மின்தொழில் பழகி, பின்னர்ப் பொதுவாழ்வில் அதனைத் தொடர்ந்தோரின் நிலை இவ்வினாவுக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

சிங்கப்பூரின் வடகரையிலுள்ள செம்பவாங்கில் பிரித்தானியரின் கடற்படைத் தளம் இருந்தது. அங்குள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய உலர்துறை 1938-இல் திறக்கப்பட்டது. போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்கும் பணியில் தமிழரும் மலையாளிகளும் உட்படப் பல இனத்தார் ஈடுபட்டிருந்தனர். 1968 சனவரியில் பிரித்தானியப் பிரதமர் ஹெரால்டு வில்சன், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தம் படைகள் 1971-க்குள் விலக்கிக்கொள்ளப்படும் என அறிவித்தார். சிங்கப்பூரின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிவதே ஐயத்துக்குரியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் தளத்தின் கப்பற்பட்டறை சிங்கப்பூர் அரசிடம் ஒரு டாலர் என்னும் பெயரளவு விலைக்குக் கைமாறியது. செம்பவாங் கப்பற்பட்டறை வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கியது. அங்கே இடம் பெற்றோர்க்கு வேலை பெரிதும் மாறவில்லை. இடம் பெறாதோர் தொழிற்சாலைகளையும் கட்டடப் பணிகளையும் நாடவேண்டியதாயிற்று.

மின்சாரத்துக்குச் சீருடை தெரியாது; போர்க்கப்பலில் ஓடினாலும் குடியிருப்பில் ஓடினாலும் அதன் இயல்பு ஒன்றே; ஆகவே தொழிலாளி இடம் மாறுவதில் அறச்சிக்கல் ஏதுமில்லை என்று சிலர் கூறக்கூடும். மேலோட்டமாக நோக்கின் இவ்வாதம் வலுவுடையதாகவே தோன்றும். ஆனால் தொழிலின் உட்புறம் நுழைந்து காண்போர்க்கு வேறோர் உண்மை புலனாகும்.

கப்பலின் மின்னமைப்பு பெரும்பாலும் உடலோடு தொடர்பில்லாதவாறு அமைக்கப்படுகிறது. ஒரு கம்பியின் உறை சிதைந்து அது கப்பலின் இரும்புடலைத் தொட்டாலும் மின்னோட்டம் உடனே அறுந்துவிடாது; பழுதைக் காட்டும் விளக்கு மட்டும் குறிப்புத் தரும். நடுக்கடலில், அதிலும் போரின் நடுவே, சுக்கானும் நீரிறைக்கும் இயந்திரமும் நின்றுபோனால் கப்பலே அழியலாம். எனவே முதற்பழுதைத் தாங்கிக்கொண்டும் மின்சாரம் ஓடவேண்டும் என்பது அங்கு விதி. இரண்டாம் பழுது நேருமுன் முதற்பழுதைத் தேடிக் களைவது மின்பணியாளரின் கடமை.

வீட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே எர்த் கம்பி இருப்பதே, மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரம் அறுபடவேண்டும் என்பதற்காகத்தான். கசிவு 30 மில்லியாம்பியர் அளவை எட்டுமுன்போ எட்டியவுடனோ கணத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இன்று இல்லங்களில் பொருத்தப்படுகிறது. விளக்கு அணைந்தால் இருட்டில் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்ட குழந்தையின் உயிர் போனால் மீளாது.

ஈரிடத்திலும் அறிவு ஒன்றே. விதிகள் மட்டும் எதிரெதிரானவை. எதனை முதலில் காப்பது என்னும் முடிவே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அங்கே கப்பல் முதன்மை பெறுகிறது. அது காக்கப்பட்டால் அதிலுள்ளோரும் காக்கப்படுவர். இங்கே தனியொரு மனிதனின் உயிர் முதன்மை பெறுகிறது. ஆகவே கை பழைய கையாகவே இருக்கலாம். காக்கவேண்டிய பொருளின் வரிசைமுறையை மனம் புதிதாகக் கற்றாகவேண்டும். 'எப்படியேனும் ஓடவேண்டும்' என்ற பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமல், அடிக்கடி எரிந்துபோகும் பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பவன் திறமை இல்லாதவன் அல்லன். திறமையை இடமறியாது பயன்படுத்துபவன்.

மற்றொரு மாற்றமும் உண்டு. படைத்தளத்தில் பணியாளன் ஆணைக்குக் கட்டுப்பட்டவன். அவன் செய்ததை மேலாளர் சோதிப்பார். ஏட்டில் பதிவு இருக்கும். வீட்டுச் சுவருக்குள் புதையும் கம்பியை யார் காண்பார்? வீட்டுக்காரருக்குத் தொழில் தெரியாது. அவர் பணியாளனின் சொல்லை நம்புகிறார். ஆணை இருந்த இடத்தில் இப்பொழுது மனச்சான்று நிற்கவேண்டியுள்ளது.

சட்டமும் தகுதிச் சான்றிதழும் போதாவா எனக் கேட்கலாம். அவை இன்றியமையாதவை, ஆனால் முழுமையானவை அல்ல. சிங்கப்பூரில் மின்கசிவுத் துண்டிப்புக் கருவி 1985 சூலை முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயமாயிற்று. பழைய வீடுகளுக்கும் அக்கடப்பாடு விரிந்தது 2023-இல்தான். இடைப்பட்ட 38 ஆண்டுகளில் ஒரு பழைய வீட்டிற்குள் நுழைந்த மின்பணியாளர், 'இக்கருவியைப் பொருத்திக்கொள்ளுங்கள்' என்று எடுத்துரைக்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. எடுத்துரைத்தவர் அறத்தால் எடுத்துரைத்தார். வாய்மூடிச் சென்றவர் குற்றவாளியாகவில்லை. ஆயினும் தம் அறிவால் காத்திருக்கக்கூடிய ஓர் இல்லத்தைக் காவாது சென்றார்.

இதனால் படைத்துறைப் பயிற்சியைப் பழித்தல் பொருந்தாது. கம்பியைத் தொடுமுன் மின்னோட்டம் அறவே இல்லை என்று சோதித்தறிதல், கருவிகளை எண்ணி எடுத்து எண்ணி வைத்தல், செய்ததை ஏட்டில் எழுதுதல் ஆகியவை எங்குச் சென்றாலும் கைவிடலாகாத நற்பழக்கங்கள். அவற்றோடு வருபவரை ஒன்றுமறியாத புதியவராக நடத்துவது சமுதாயத்தின் நன்றியின்மை. எல்லாம் அறிந்தவர் எனக் கருதி, மீண்டும் கற்க வாய்ப்பளியாது வேலையில் இறக்கிவிடுவதும் பெருந்தவறு. நாற்பது அகவையில் மாணவனாக அமர்வது எளிதன்று. அவ்வாறு அமர்பவருக்குக் காலமும் மதிப்பும் தருவது வேலை கொடுப்போரின் கடமை.

திருவள்ளுவர் வினைத்தூய்மையையும் வினைத்திட்பத்தையும் இரண்டு தனி அதிகாரங்களாக வகுத்தார். அவற்றுள் தூய்மையை முன்வைத்தார். உறுதியும் தேர்ச்சியும் திட்பத்தைச் சாரும். யாருக்காக, எதனைக் காக்க என்ற தெளிவு தூய்மையைச் சாரும். திட்பம் பழகிய கையோடு உடன்வரும். தூய்மையோ ஒவ்வொரு புதிய வாசலிலும் மீண்டும் தேர்ந்துகொள்ளப்படவேண்டியது.

இவ்வுண்மை மின்தொழிலாளர்க்கு மட்டும் உரியதன்று. பள்ளியில் தேர்வுக்காகக் கற்ற மாணவன் நாளை வாழ்வுக்காக அக்கல்வியைக் கையாளப் புகும்போதும் இதே வாசலில்தான் நிற்கிறான். 'எனக்கு என்ன தெரியும்?' என்ற கேள்விக்கு அவனிடம் சான்றிதழ் விடை சொல்லும். 'என்னை நம்பி இங்கே இருப்பவர் யார்?' என்ற கேள்விக்கு அவனே விடை தேடவேண்டும்.