மண்ணும் பாண்டமும்

தில்லியில் மதுரா சாலையை ஒட்டி, மிருகக்காட்சிச் சாலைக்கு அருகே, உயர்ந்த மதில்களுடன் நிற்கிறது புராணா கிலா என்னும் பழைய கோட்டை. பெருவாயிலைக் கடந்து உள்ளே நடந்தால் சாலையின் இரைச்சல் மெல்ல அடங்கிவிடுகிறது. ஷேர் ஷா 1541-இல் எழுப்பிய மசூதி, 1556-இல் ஹுமாயூன் படிகளில் இடறி விழுந்து உயிர்விடக் காரணமான எண்கோணக் கட்டிடம், குந்தியின் பெயரால் ஒரு சிறு கோயில். இவற்றைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இவ்விடத்தின் நீண்ட வரலாறு தரைக்குக் கீழே இருக்கிறது.

1954-55-இலும், பின்னர் 1969 முதல் 1973 வரையிலும் தொல்லியல் அறிஞர் பி. பி. லால் இங்கே அகழ்ந்தார். 2013-க்குப் பிறகு வசந்த் ஸ்வர்ண்கார் தலைமையில் மீண்டும் அகழாய்வுகள் நடந்தன. மௌரியருக்கு முற்பட்ட காலம் தொடங்கி சுங்கர், குஷாணர், குப்தர், ராஜபுத்திரர், சுல்தான்கள், முகலாயர் எனச் சுமார் 2500 ஆண்டுகளின் ஒன்பது அடுக்குகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காணப்பட்டன. மௌரியர் கால உறைகிணறு ஒன்றும் வெளிப்பட்டது. அரிக்கமேட்டையும் கீழடியையும் அறிந்த தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பாண்டவரின் இந்திரப்பிரஸ்தம் இதுவே என்பது மரபு. அக்காலத்ததாகச் சிலர் கருதும், சாம்பல் வண்ணத்தில் கோடு தீட்டிய பானை ஓடுகள் சில கிடைத்தன. ஆனால் லாலின் அகழாய்வில் அவை தனி அடுக்காக அமையவில்லை. இதனால் ஏமாற்றமடைந்தோர் உண்டு. கீதையின் உண்மை ஒரு பானை ஓட்டை நம்பியா நிற்கிறது? அந்த ஏமாற்றம் தேவையற்றது.

பானை ஓடு வேறொரு நினைவை எழுப்புகிறது. சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மண்கட்டியையும் மண்பாண்டங்களையும் உதாரணமாகக் காட்டி உபதேசிக்கிறார். பாண்டங்கள் பல, மண் ஒன்று. வடிவமும் பெயரும் மாறுபவை. மண்ணே அவற்றின் உண்மை. தொல்லியலாளரின் பார்வை இதற்கு நேர் எதிரானது. அவர் மண்ணைச் சலித்து ஒதுக்கிவிட்டு, விளிம்பின் வளைவையும் நிறத்தையும் கொண்டே காலத்தைக் கணிக்கிறார். வேதாந்தி விலக்கும் நாமரூபமே அவருக்குச் சான்று.

இவ்விரு பார்வைகளுள் வேதாந்தியினுடையது உயர்ந்தது என்று சாதகன் எளிதில் முடிவுகட்டிவிடலாம். இடிபாடுகளின் நடுவே நிற்கும்போது அந்த எண்ணம் இனிமையாகவும் இருக்கும். 'அரசுகள் வந்தன, போயின. எல்லாம் மண்' என்று பெருமூச்சு விட்டுவிட்டு, வாயிலுக்கு வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குச் சண்டை பிடிப்பதும் நடப்பதே. மயான வைராக்கியம் என்று நம் பெரியோர் இதற்குத்தான் பெயரிட்டனர்.

இதைவிடக் கடுமையான ஆபத்து ஒன்று உண்டு. 1947 செப்டம்பரில் இதே மதில்களுக்குள் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் உயிருக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்தனர். போதிய கூரையில்லை, குடிநீரில்லை. மழையும் நோயும் வாட்டின. அம்மாதமே காந்தியடிகள் இங்கு வந்து அவர்களைக் கண்டார். அவர்கள் சென்றபின், மேற்குப் பஞ்சாபில் வீடிழந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் இதே இடத்தில் தங்கினர். கைக்குழந்தையுடன் தண்ணீருக்காக வரிசையில் நின்ற ஒரு தாயிடம், 'அம்மா, பாண்டம் பொய், மண்ணே மெய்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது வேதாந்தமா?

அத்வைதம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பாரமார்த்திக உண்மை வேறு, வியவகார உண்மை வேறு என்று சங்கரர் வழிவந்த ஆசாரியர்கள் கவனமாகப் பிரித்தனர். கனவில் பசித்தவனுக்குக் கனவுச் சோறுதான் பசியாற்றும். விழித்திருப்பவனின் தத்துவம் ஆற்றாது. 'மித்யை' என்ற சொல்லைத் தன் பாண்டத்தின்மேல் பிரயோகிக்கச் சாதகனுக்கு உரிமை உண்டு. தன் பதவி, தன் உடைமை, தன் அவமானம் ஆகியவற்றை மண்ணாகக் காணட்டும். பிறருடைய உடைந்த பாண்டத்தின்மேல் அதைப் பிரயோகிக்கும்போது அச்சொல் இரக்கமின்மைக்குத் திரையாகிவிடுகிறது.

1891-இன் தொடக்கத்தில் பரிவிராஜகராகத் தில்லிக்கு வந்த சுவாமி விவேகானந்தர் இந்நகரின் அழிந்த அரண்மனைகளையும் கல்லறைகளையும் சுற்றிப் பார்த்தார். உலக வாழ்வின் நிலையாமையை உணர அவருக்குக் காட்சிகள் குறையவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1898-இல், கல்கத்தாவில் பிளேக் பரவியது. நிவாரணத்துக்குப் பணம் எங்கே என்று சகோதரத் துறவி ஒருவர் கேட்டபோது, மடத்துக்கென அப்போதுதான் வாங்கிய நிலத்தை விற்றுவிடலாம் என்றார் சுவாமிஜி. பல ஆண்டு அலைச்சலுக்குப் பின் கிடைத்த இடம் அது. நிதி வேறு வழியில் வந்ததால் விற்க நேரவில்லை. அந்த நிலத்தில்தான் இன்று பேலூர் மடம் இருக்கிறது.