சும்மா நடக்கிற உரிமை

போன ஆடியில் சென்னையிலிருந்து இரண்டு தோழர்கள் வந்திருந்தார்கள். இருவரும் தலித் அல்லாதவர்கள். எங்கள் போராட்டங்களில் கூட நின்றவர்கள். 'பாசஞ்சர் வண்டி ஏறி எங்காவது இறங்கி, ஆற்றங்கரையோடு சும்மா நடந்துவிட்டு வருவோம்' என்றார்கள். தஞ்சாவூரில் காலையில் ஏறினோம். சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோவில்வெண்ணி தாண்டி நீடாமங்கலத்தில் இறங்கினோம். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு மூணாறு தலைப்புக்கு நடந்தோம். கல்லணையிலிருந்து வருகிற வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மேட்டூர் தண்ணீர் வந்திருந்தது. கரையின் இரண்டு பக்கமும் பச்சை.

தோழர்கள் 'என்ன அழகு, என்ன அழகு' என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் இதே ரயில் பாதையில் இன்னும் கிழக்கே இருக்கிறது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் வாய்க்கால். அந்தக் கரை எங்களுக்கு வேலைக்குப் போகிற வழி. விடியுமுன் அம்மா நடவுக்குப் போவாள், பொழுது சாய்ந்து திரும்புவாள். கரையில் யாராவது நின்றால் 'எங்கடா போற?' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். மாடு தேட, நாத்துக்கட்டு தூக்க, மடை அடைக்க. பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் ஒரு சாயங்காலம் நான் 'சும்மா' என்று சொல்லிவிட்டேன். 'எங்க கரையில ஒனக்கு என்னடா சும்மா?' கன்னத்தில் அறை விழுந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. 'கையில ஒரு அருவாளாச்சும் வச்சுக்கிட்டுப் போவக் கூடாதா சாமி? கேட்டா புல்லறுக்கப் போறேன்னு சொல்லலாம்ல' என்றாள். அறையை நான் எப்போதோ மறந்துவிட்டேன். இந்த யோசனையைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. எழுபது வருசம் அந்தக் கரையில் நடந்த ஒரு பெண் கற்றுக்கொண்ட ஞானம் அது. வேலையைக் காட்டினால் வழி கிடைக்கும். வெறும் மனுசனாக வந்தால் கிடைக்காது.

'எங்க கரை' என்றானே, யாருடைய கரை? ஆற்றுக் கரையும் வாய்க்கால் கரையும் பொதுப்பணித் துறை பார்த்து வந்த அரசு நிலம். பொதுச்சாலை, தெரு, பாதை, கிணறு, குளம் எதையும் எந்தச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சாலைகளையும் குளிக்கும் துறைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வழக்கமான பாதையை மறிப்பது குற்றம் என்கிறது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஆனால் 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் என்ன நடந்தது? ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர்நீதிமன்றமே சொல்லியும், அதிகாரிகள் போலீசை வைத்து வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். என் அப்பாயியும் ஒரு கார்த்திகை மழையில்தான் செத்தாள். குடியானத் தெரு வழியாகப் போக முடியாதென்று, இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலுக்குள் இறங்கிப் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீருக்குள் நாங்கள் போக, கரை பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது.

நாங்கள் இறங்கிய நீடாமங்கலமும் சும்மா ஒரு ஸ்டேஷன் இல்லை. 1937 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, பொதுப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தலித்துகளைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள், மொட்டையடித்தார்கள், சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். இதே தடத்தில் கிழக்கே போனால் கீழ்வேளூர். அந்தப் பக்கத்து வயல்வெளியில்தான் வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்த வயல்வெளி. ரயிலுக்கும் ஒரு கதை உண்டு. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட பாதை இது. நம் சனங்கள் மலேயாவுக்கும் மற்ற சீமைகளுக்கும் கூலியாகக் கப்பலேறியது அந்தத் துறைமுகத்தில்தான். ஊர் சுற்றிப் பார்க்க ரயில் ஏறியவர்கள் இல்லை அவர்கள். தப்பித்துப் போக ஏறியவர்கள்.

எம்.ஏ. வகுப்பில் மருதத் திணை படித்தேன். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் மருதத்துக்குரிய மக்களாகக் கடையரையும் கடைசியரையும் சொல்கிறது. களை கட்டலும் நெல் அரிதலும் தொழில் என்கிறது. அதே பட்டியலில் புதுப்புனலாடலும் வருகிறது. களை கட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். புதுப்புனலில் ஆடியவர்கள் யார்? எங்கள் ஊரில் ஆடிப்பெருக்குக்கு ஊர்ப் படித்துறை தனி. அதற்குக் கீழே, அவர்கள் குளித்த தண்ணீர் வந்து சேரும் இடம் எங்கள் துறை. பேராசிரியர் இதையெல்லாம் பேசவில்லை. மருதத்தின் அழகைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்.

அப்படியானால் இந்த நிலத்தை ரசிப்பது குற்றமா? 'பசிக்கிறவனுக்கு எதுக்குய்யா பச்சை?' என்று கேட்கிற தோழர்கள் நம்மிலேயே உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அழகு அவர்களுக்கு, வலி நமக்கு என்று பங்கு பிரித்ததே சாதிதான். அந்தப் பங்கை நாமே கையெழுத்துப் போட்டு ஏன் வாங்க வேண்டும்? 'பழசையெல்லாம் விடுங்க, இயற்கைக்கு ஏது சாதி' என்கிறவர்களும் உண்டு. இயற்கைக்குச் சாதி இல்லைதான். ஆனால் படித்துறைக்கு இருந்தது. பாடை போகிற பாதைக்கு இருக்கிறது.

நானே ரொம்ப நாளாக வேறொரு பதில் சொல்லிவந்தேன். இந்தக் கரை தானாக முளைத்ததில்லை. வெள்ளத்தில் உடைந்தபோது மண் சுமந்து அடைத்தவர்கள் நாம். கோடையில் மண்வெட்டி பிடித்துத் தூர் வாரியவர்கள் நாம். ஆகவே இதன்மேல் நடக்க முதல் உரிமை நமக்கே என்பேன். மேடையில் கைதட்டு விழும். அன்று மூணாறு தலைப்பில் நின்றபோது ஒன்று உறைத்தது. இதுவும் அப்பாயி சொன்ன அரிவாள்தானே? உழைப்பைக் காட்டி வழி கேட்கிறேன். என்னோடு வந்த தோழர்கள் எந்த மண்ணைச் சுமந்தார்கள்? அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லையே. வரலாற்றில் நம் உழைப்பைச் சொல்லத்தான் வேண்டும், அது உண்மை. ஆனால் நடப்பதற்கு அதை அனுமதிச் சீட்டாக நீட்டக் கூடாது. காரணம் சொல்லாமல் ஓரிடத்தில் நிற்க முடிகிறவனைத்தான் இந்தச் சமூகம் மனுசன் என்று ஒத்துக்கொள்கிறது. கூலி உயர்வு கேட்டோம், நிலம் கேட்டோம். காரணமில்லாமல் இருக்கிற உரிமையை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

திரும்பி வருகையில் கரையில் ஒரு பெரியவர் எதிர்ப்பட்டார். தோழர்களைப் பார்த்து 'எந்த ஊரு தம்பி?' என்றார். சென்னை என்றார்கள். என் பக்கம் திரும்பினார். நான் ஊர் பெயரைச் சொன்னேன். 'அங்க எந்தத் தெரு?' என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்று தோழர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் அவருக்கும் புரிந்தது. காலனித் தெரு என்றேன். 'இங்க என்ன சோலி?'

'சும்மா நடக்க வந்தோங்கய்யா' என்றேன். இருபது வருசத்துக்கு முந்தி அறை வாங்கிய அதே பதில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கூட இரண்டு சென்னைக்காரர்கள் நின்றதால்தான் போனார் என்று எனக்குத் தெரியும். தனியாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எங்கள் காலனிப் பிள்ளைகளை, பையன்களையும் பொண்ணுகளையும், வருகிற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் கூட்டிக்கொண்டு இதே கரைக்கு வரப்போகிறேன். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். கட்டுச்சோறு எடுத்துக்கொள்வோம். யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ரயிலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவேன். யார் கையிலும் அரிவாள் இருக்காது.