இழந்த நம்பிக்கை மீளும் வழி

பொருளை இழந்தவன் உழைத்து மீண்டும் ஈட்டலாம். உடல்நலம் இழந்தவன் மருந்தாலும் ஓய்வாலும் தேறலாம். பிறர் தன்மீது வைத்த நம்பிக்கையை இழந்தவன் என்ன செய்வது? ‘இனி என்னை நம்புங்கள்’ என்று அவன் கூறினால் அக்கூற்றே ஐயத்திற்கு இடமாகிறது. சொல்லால் கெட்டதைச் சொல்லால் சீர்செய்தல் அரிது. அப்படியானால், இழந்த நம்பிக்கை மீள வழியே இல்லையா?

இவ்வினாவிற்கு விடை காண இந்தியாவில் நிகழ்ந்த ஒன்றை ஆராய்வோம். ஐதராபாத்தில் 1987இல் தோன்றிய சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்னும் மென்பொருள் நிறுவனம், ஏறத்தாழ 50,000 பேருக்கு வேலை தந்து உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. அப்பெயரின் பொருளே ‘உண்மை’ என்பதாகும். 2009 ஜனவரி 7ஆம் நாள், அதன் தலைவர் இராமலிங்க ராஜு இயக்குநர் குழுவிற்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கேட்டில் இருப்பதாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்பதே அதன் சாரம். சிறிதாகத் தொடங்கிய பொய் ஆண்டுதோறும் வளர்ந்தது. புலிவாலைப் பிடித்தவன் நிலை அவருக்கு நேர்ந்தது. அன்று ஒரே நாளில் பங்கின் விலை நான்கில் மூன்று பாகத்திற்கு மேல் சரிந்தது. வாழ்நாள் சேமிப்பைப் பங்குகளில் இட்டவர்கள் திகைத்து நின்றனர்.

இத்தனை பெரிய பொய் இத்தனை ஆண்டுகள் எவ்வாறு நிலைத்தது? போலி விற்பனைச் சீட்டுகளும் போலி வங்கிச் சான்றுகளும் அதற்குத் துணைநின்றன. ஆயினும் அவற்றைக் கண்டறியும் கடமை தணிக்கையாளருக்கு இருந்தது. வங்கிகளிடமிருந்து தாமே நேரில் பெறவேண்டிய உறுதிக் கடிதங்களை அவர்கள் நிறுவனத்தாரின் கைவழியாகப் பெற்றனர் என்பதை அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் எடுத்துக்காட்டியது. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணை எழுதிக் கொடுக்க, ஆசிரியர் அதனைப் பதிவேட்டில் ஏற்றுவது போன்றது இது.

ஆராய்தல் நம்பிக்கைக்குப் பகை என்று பலர் எண்ணுகின்றனர். ‘என்மீது நம்பிக்கையில்லையா?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், மேலும் வினவ நாம் கூசுகிறோம். வள்ளுவரோ பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பிய பின் அவரை ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. முதலில் ஆராய்ச்சி; பின்னரே நம்பிக்கை. அந்த முறை மாறியதே சத்யத்தின் வீழ்ச்சிக்கு இடந்தந்தது.

மீட்பும் அம்முறையிலேயே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. இந்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்து, கிரண் கார்னிக், தீபக் பரேக், டி. என். மனோகரன் முதலிய வெளியாரை அமர்த்தியது. அவர்கள் யாரிடமும் நம்பிக்கையை வேண்டி நிற்கவில்லை. கணக்குகளைப் புதிய தணிக்கையாளர்களிடம் திறந்து வைத்தனர். வங்கிக் கடன் பெற்று ஊழியருக்குச் சம்பளம் தந்தனர். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் ஏலம் நடத்தினர். 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா பங்குக்கு 58 ரூபாய் தந்து நிறுவனத்தை ஏற்றது. திருத்திய கணக்கு 2010 செப்டம்பரில் வெளிவந்தது; அது நட்டக் கணக்காயினும் உண்மைக் கணக்கு. இனிக்கும் பொய்யைவிடக் கசக்கும் உண்மையே நம்பிக்கைக்கு வித்தாயிற்று.

எனினும், நம்பிக்கை மீண்டதனால் நீதியும் நிறைந்துவிட்டதா? அமெரிக்காவில் பங்கு வாங்கியோர் கூட்டாக வழக்குத் தொடுத்தனர், அவர்களுக்கு 12.5 கோடி டாலர் தர நிறுவனம் 2011இல் இசைந்தது. இந்தியாவின் சிறு முதலீட்டாளர்க்கு அத்தகைய கூட்டு வழக்கின் வழி அன்று திறந்திருக்கவில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமே அதற்கு இடந்தந்தது. ஐதராபாத் தனி நீதிமன்றம் 2015இல் ராஜு உள்ளிட்டோருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்து பிணையில் வெளிவந்தனர். அஞ்சி அன்றே அடிமாட்டு விலைக்குப் பங்குகளை விற்றவர்க்கு இவற்றால் வந்த ஆறுதல் என்ன? புதிதாக வருவோரின் நம்பிக்கையைப் பெறுதல் வேறு; ஏமாந்தோர்க்கு ஈடு செய்தல் வேறு. முன்னது வாணிகத்தின் தேவை. பின்னது அறத்தின் கட்டளை. முன்னதை முடித்தவுடன் பின்னதை மறப்பது மனித இயல்பு. அம்மறதியே அடுத்த பொய்க்குத் துணிவு தருகிறது.

ஆகவே, இழந்த நம்பிக்கை மீள வழி உண்டு. ஆயின் அது எளிய வழி அன்று. நம்பிக்கை இழந்தவன் ‘என்னை நம்புங்கள்’ என்னும் சொல்லைக் கைவிட்டு, ‘என்னை ஆராயுங்கள்’ என்னும் சொல்லை மேற்கொள்ளவேண்டும். ஆராய்வோரும் முகத்திற்கு அஞ்சாது ஆராய்தல்வேண்டும். இழப்புற்றோரின் கணக்கையும் கணக்கேட்டில் சேர்த்தல்வேண்டும். சங்கத்தின் நிதியானாலும் பள்ளியின் நிதியானாலும், கணக்கைக் காட்டக் கேட்பது அவமதிப்பன்று, காட்டுவது தாழ்வுமன்று. இதனை இளமையிலேயே மாணவர் உணரச் செய்தல் ஆசிரியர் கடன்.