மலைமேல் மார்கழி

உதகமண்டலத்துக்கு அப்பால், தேயிலையும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் சரிவுகளுக்கு நடுவே அமைந்த சோலூரில் மார்கழி பிறக்கிறபோது, சமவெளியிலே வகுக்கப்பட்ட அந்த மாதத்து அனுஷ்டானங்கள் ஒரு சோதனைக்கு உள்ளாகின்றன. காவிரிக் கரையில் விடியற்காலைக் குளத்து நீர் வெதுவெதுப்பாக இருக்கும். பனிக்காற்றில் நடந்து வந்தவனுக்கு அதில் இறங்குவது இதமே தவிரத் துன்பமன்று. மலையிலோ, புல்வெளியெங்கும் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்க, தேயிலைத் தளிர் கருகிவிடாதபடி வெயில் ஏறுமுன் தோட்டக்காரர் நீர் தெளிக்கும் வேளை அது. அந்த வேளையில் நீராட வேண்டும் என்ற நியமம் இங்கேயும் பொருந்துமா, பொருந்தாதெனில் இம்மாதத்தின் புனிதம் எதைப் பற்றி நிற்கிறது என்று மலைவாசி கேட்பது விதண்டாவாதம் ஆகாது.

நமது முன்னோர் சொல்லும் காரணம் காலத்தைப் பற்றியது. மனிதருக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள். உத்தராயணம் பகல், தட்சிணாயனம் இரவு. ஆகையால், சூரியன் தனுர் ராசியில் இருக்கும் மார்கழி, அந்த இரவின் கடைசி இரண்டு மணி நேரமாகிய பிரம்ம முகூர்த்தம். கீதையில் பகவான் மாதங்களுள் இதையே தன் வடிவாகக் கூறியதும், கல்யாணம் முதலிய காரியங்களை ஒதுக்கி இதைத் தெய்வ சிந்தனைக்கே விட்டுவைத்ததும் இந்தப் பெருமையோடு இசைந்தவை.

ஆனால் வான சாஸ்திரம் அறிந்தவர் ஓர் ஆட்சேபம் எழுப்புவார். சூரியன் வடக்கே திரும்புவது இன்று தை முதல் நாளில் அல்ல, டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதியில், அதாவது மார்கழி பிறந்து ஒரு வாரம் கூட நிறையாத முன்பே நிகழ்ந்துவிடுகிறது. ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் அயனம் நகர்ந்துகொண்டே வந்ததன் விளைவு இது. அப்படியானால் நாம் எழுந்து பாடும் விடியற்காலை உண்மையில் விடிந்துபோன காலைதானே என்பது அவர் கேள்வி. இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதனால் கலங்கவில்லை. வானத்துக் கோள்களே ஒரு மாதத்தைப் புனிதமாக்குமென்றால் நோன்பு என ஒன்று வேண்டியதே இல்லை. புண்ணிய காலம் என்பது ஒரு சமூகம் முழுவதும் ஒரே சங்கற்பத்தோடு காத்துவரும் காலம்.

தர்ம சாஸ்திரம் இதை அறிந்தே இருந்தது. நீரில் மூழ்குவதாகிய வாருண ஸ்நானத்தோடு, மந்திரத்தால் தூய்மை பெறுவது, விபூதி பூசிக்கொள்ளும் ஆக்னேயம், பகவானைத் தியானிக்கும் மானஸம் என ஸ்நானத்தில் பல வகைகளை வகுத்து, இயலாதவனுக்கு வழிவிட்டது. உறைபனி நாளில் முதியவர் வெந்நீரில் குளித்துத் திருநீறோ திருமண்ணோ இட்டுக்கொண்டால் அவருடைய விரதத்தில் ஒரு குறையும் இல்லை. உடம்பை வருத்துவதையே தவம் என்று எண்ணுவோர் திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். நெய்யும் பாலும் மையும் மலரும் விலக்கிய அதே மூச்சில், கோள் சொல்லாமை, இரப்பவர்க்குக் கொடுத்தல் ஆகியவற்றையும் ஆண்டாள் விதிக்கிறாள். 27ஆம் பாசுரத்திலோ, முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்பதில் நோன்பு நிறைவடைகிறது.

கூடியிருத்தல்தான் இதில் தலையாயது என்பது என் துணிபு. முப்பது பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரையுள்ள பத்தும் உறங்குகிற தோழியரை எழுப்புவதற்கே செலவிடப்படுகின்றன. திருவெம்பாவையின் இருபது பாடல்களிலும் முதல் எட்டு அவ்வாறே. இறைவனைக் காண விரைகிற பெண்கள், தனியே முந்திச் செல்லாமல், ஒவ்வொரு வாசலிலும் நின்று காத்திருப்பதைவிட உயர்ந்த பக்தி இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. பனி அரிதான சயாம் நாட்டுக்கும் இந்தப் பாடல்கள் சென்று, பாங்காக்கிலே பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் என்னும் சடங்கில் திருவெம்பாவை ஓதப்படுகிறது. அச்சடங்கின் அங்கமாயிருந்த பெரிய ஊஞ்சல் ஆடுவது 1935இல் நின்றும் ஓதுவது நிற்கவில்லை.

நீலகிரிக்கு வெளியிலிருந்து உதாரணம் தேட வேண்டியதுமில்லை. தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தசீமை என நான்கு சீமைகளிலும் வாழும் படகர் மக்கள், தங்கள் மூதன்னையாகிய ஹெத்தையம்மனுக்கு இதே குளிர்காலத்தில்தான் பண்டிகை எடுக்கிறார்கள். வெண்ணிற ஆடை உடுத்து, பலர் வெறுங்காலோடு, ஊர் ஊராகச் சேர்ந்து கோத்தகிரியை அடுத்த பேரகணிக்கு நடந்து வருகிற அந்தக் கூட்டத்தில், குளிரை வென்றவர் இவர் என்று ஒருவரைத் தனித்துச் சுட்ட முடியாது. சபரிமலைக்கு மாலையிட்டு ஒரு மண்டலம் விரதம் காக்கும் தோட்டத் தொழிலாளரும் தனித்துப் புறப்படுவதில்லை. குருசாமி முன்னே செல்ல, குழுவாகவே மலை ஏறுகிறார்கள்.

இதனால்தான் கோயில் கோபுரத்திலிருந்து ஒலிபெருக்கி முழங்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அது நோயாளியையும், இரவு வேலை முடித்துச் சற்றுமுன் கண்ணயர்ந்தவனையும், கைக்குழந்தையையும் ஒன்றாகவே உலுக்குகிறது. யார் எழுந்தார், யார் எழவில்லை என்று கவலைப்படுவதுமில்லை. ஆண்டாளின் தோழியர் மாமன் மகளே என்று உறவு சொல்லி அழைத்து, அவள் எழாதபோது மாமியிடம் முறையிட்டு, ஏன் எழவில்லை என்று உள்ளிருப்பவளோடு வாதாடவும் செய்தார்கள். சோலூரைப் போன்ற ஊர்களில் வீடுகள் இன்னும் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கின்றன. அங்கே ஒருத்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய் அத்தையையோ மதினியையோ கூப்பிட நாலடி எடுத்து வைத்தால் போதும்.